அரசு மானியத்துடன் சிறுதொழில்: விண்ணப்பத்துக்கு முன் தொடங்கி மூன்றாம் ஆண்டு வரை

மாவட்டத் தொழில் மையத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "மானியம் எவ்வளவு கிடைக்கும்?" என்பதுதான். அந்தக் கேள்வியில் தவறில்லை. ஆனால் அதையே முதல் கேள்வியாக வைத்துக்கொண்டு தொழிலைத் தேடுகிறவர்கள் வங்கி வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் சிறுதொழிலுக்குக் கிடைக்கும் மானியங்களில் ஏறக்குறைய எல்லாமே வங்கிக் கடனோடு பிணைந்தவை. கடன் இல்லையென்றால் மானியம் இல்லை. அதனால் இந்த வழிகாட்டி, திட்டங்களின் பெயர்களை அடுக்குவதைவிட, வங்கி மேலாளரின் மேசையில் உங்கள் விண்ணப்பம் நிற்கும்படி செய்வது எப்படி என்பதையே அதிகம் பேசுகிறது. கடைசிப் பகுதி சுயஉதவிக் குழுக்களுக்கும் ஊர்ப் பொதுப்பணி செய்யும் அமைப்புகளுக்கும் உரியது. அவர்களுடைய பாதை வேறு.

மானியம் எந்த வழியாக வருகிறது

ஒரு கணக்கோடு தொடங்குவோம். கிராமத்தில் வசிக்கும் ஒரு பெண், 10 லட்சம் ரூபாயில் மரச்செக்கு எண்ணெய் ஆலை தொடங்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், அதாவது எல்லோரும் பி.எம்.இ.ஜி.பி. என்று சொல்லும் திட்டத்தில், விண்ணப்பிக்கிறார். பெண் என்பதால் சிறப்புப் பிரிவு. ஊரகம் என்பதால் மானியம் 35 சதவீதம். அவர் கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம், அதாவது 50,000 ரூபாய். மீதி 9.5 லட்சத்தையும் வங்கி கடனாக ஒப்புதல் செய்கிறது.

மானியத் தொகையான 3.5 லட்சம் அவர் கைக்கு வராது. அது அதே வங்கிக் கிளையில் அவர் பெயரில் மூன்றாண்டு வைப்பாகப் பூட்டி வைக்கப்படும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான கடன் பகுதிக்கு வங்கியும் வட்டி வாங்கக் கூடாது. ஆக, அந்த வைப்பு வந்த நாளிலிருந்து 9.5 லட்சம் கடன் இருந்தாலும் வட்டி ஓடுவது 6 லட்சத்துக்கு மட்டும். ஆண்டு வட்டி 11 சதவீதம் என்று கொண்டால், முதலாண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் போக வேண்டிய வட்டி 66,000 ரூபாய் அளவுக்குக் குறைகிறது. மூன்றாண்டு முடிந்து, ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது என்று நேரில் பார்த்து உறுதி செய்த பிறகு, அந்த 3.5 லட்சம் கடனில் கழிக்கப்படும்.

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் இரண்டு செய்திகள் தெளிவாகும். ஒன்று, மானியத்தை நம்பி யாரிடமும் கைமாற்று வாங்கக் கூடாது. அந்தப் பணம் உங்கள் பையில் விழப்போவதில்லை. இரண்டு, மூன்றாண்டு நிற்காத தொழிலுக்கு இந்த மானியத்தால் பயனில்லை.

எந்தத் திட்டம் உங்களுக்கு

திட்டத்தைத் தேர்ந்தெடுக்குமுன் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். தொழில் புதியதா, ஏற்கெனவே நடப்பதா? உற்பத்தியா, சேவையா, வியாபாரமா? எத்தனை லட்சம்? நீங்கள் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர்? இந்த நான்கிலேயே பாதித் திட்டங்கள் கழிந்துவிடும்.

பி.எம்.இ.ஜி.பி. புதிய தொழிலுக்கு மட்டும். 2008-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் இது. காதி கிராமத் தொழில் ஆணையம் நடத்துகிறது, மாவட்டத் தொழில் மையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். உற்பத்திக்கு 50 லட்சம் வரையிலும் சேவை, வியாபாரத்துக்கு 20 லட்சம் வரையிலும் திட்ட மதிப்பு இருக்கலாம். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீத மானியம்; சிறப்புப் பிரிவினருக்கு 25, 35. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோர் சிறப்புப் பிரிவில் வருவார்கள். உற்பத்தியில் 10 லட்சத்துக்கும், சேவையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட திட்டமென்றால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. இது பலருக்குத் தெரியாமல், நிலத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஏமாந்து திரும்புகிறார்கள்.

மாநில அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டம் சிறிய முதலீட்டுக்கு ஏற்றது. திட்ட மதிப்பு 15 லட்சம் வரை. மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம். பட்டமோ, பட்டயமோ, தொழிற்பயிற்சியோ முடித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 'நீட்ஸ்' என்ற மாநிலத் திட்டம் இருக்கிறது. 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரையிலான உற்பத்தி, சேவைத் திட்டங்களுக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம், அதோடு 3 சதவீத வட்டி மானியமும் உண்டு.

பட்டியல் சாதி, பழங்குடியின வாசகர்கள் அவசியம் கேட்க வேண்டியது அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். 2023-இல் தொடங்கியது. 35 சதவீத மூலதன மானியம், உச்சவரம்பு 1.5 கோடி, வட்டியில் 6 சதவீதக் கழிவு. கல்வித் தகுதி கேட்பதில்லை. புதிய தொழிலுக்கும் நடக்கும் தொழிலின் விரிவாக்கத்துக்கும் பொருந்தும். இவ்வளவு தாராளமான திட்டம் இருந்தும், தகுதியுள்ள பலர் பழைய பழக்கத்தில் வேறு திட்டங்களில் விண்ணப்பித்துக் குறைந்த மானியத்தோடு திரும்புவது எனக்கு வருத்தம் தருகிறது.

உணவுத் தொழிலா? அப்படியானால் பி.எம்.எஃப்.எம்.இ. என்ற குறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்கான திட்டத்தைப் பாருங்கள். 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். சொந்தப் பங்கு 10 சதவீதம். இதன் சிறப்பு, ஏற்கெனவே நடக்கும் ஊறுகாய்க் கூடம், முறுக்குத் தொழில், மாவு மில் ஆகியவற்றை மேம்படுத்தவும் இதில் இடமுண்டு என்பதே. நம் செக்கு ஆலைப் பெண் ஏற்கெனவே வீட்டின் பின்புறம் சிறிய செக்கு ஒன்று ஓட்டிக்கொண்டிருந்தால், அவருக்கு பி.எம்.இ.ஜி.பி. கதவு மூடியிருக்கும், இந்தக் கதவு திறந்திருக்கும்.

தச்சர், குயவர், பொற்கொல்லர் போன்ற கைவினைஞர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் 2025-இல் வந்தது. 35 வயது நிரம்பியிருக்க வேண்டும்; 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், ஆனால் 50,000 ரூபாய்க்கு மேல் போகாது. 5 சதவீத வட்டி மானியமும் சேரும்.

முத்ரா மானியத் திட்டம் அன்று. அது கடன் மட்டுமே.

இந்த வரம்புகளை அரசு அவ்வப்போது மாற்றுகிறது. மத்தியத் திட்டங்கள் நிதிக்குழுவின் காலத்தை ஒட்டி ஒப்புதல் பெறுகின்றன, பி.எம்.இ.ஜி.பி. அப்படி 2025-26 வரை ஒப்புதல் பெற்றது. விண்ணப்பிக்கும் நாளில் மாவட்டத் தொழில் மையத்தில் நடப்பு அரசாணையைக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள். சென்னைவாசிகள் இதற்குச் செல்ல வேண்டியது கிண்டியில் உள்ள மண்டல இணை இயக்குநர் அலுவலகம்.

காகிதங்கள்

ஆதார், பான், சாதிச் சான்று, கல்விச் சான்று, குடும்ப அட்டை, புகைப்படம் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. மூன்றில் மட்டும் கவனம் தேவை. ஆதாரிலும் பான் அட்டையிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். முன்னெழுத்து ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருப்பதால் இணையத்திலேயே தடைபடும் விண்ணப்பங்கள் ஏராளம். இடம் வாடகை என்றால் கடன் காலத்தை ஒட்டிய ஒப்பந்தம் வைத்துக்கொள்வது நல்லது. பதினோரு மாத ஒப்பந்தத்தைப் பார்த்தால் வங்கி தயங்கும். மூன்றாவது, சிறுதொழில் நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு. 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ள இந்தப் பதிவு முற்றிலும் இலவசம், ஆதார் எண் இருந்தால் சில நிமிட வேலை. அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் இதற்குக் கட்டணம் வாங்குகின்றன. பணம் கேட்கும் பக்கம் வந்தால் மூடிவிடுங்கள்.

இதோடு உங்கள் கடன் வரலாற்றை நீங்களே முதலில் பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எப்போதோ வாங்கிய கைப்பேசித் தவணையில் நின்றுபோன சிறு தொகை, உறவினருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து ஆகியவை அதில்தான் தெரியும். தீர்க்க முடிந்ததைத் தீர்த்து, தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு, அறிக்கை திருந்திய பிறகு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை.

திட்ட அறிக்கை

வெளியில் ஆயிரம் ரூபாய்க்குத் திட்ட அறிக்கை எழுதித் தருகிறார்கள். பெயரையும் ஊரையும் மாற்றி, அதே அறிக்கையை அடுத்தவருக்கும் கொடுப்பார்கள். வங்கி மேலாளர்கள் அந்த அறிக்கையை முன்பே பத்து முறை பார்த்தவர்கள். தட்டச்சுக்கும் அட்டவணைக்கும் உதவி வாங்குங்கள். எண்கள் மட்டும் உங்களுடையவையாக இருக்கட்டும்.

செக்கு ஆலையையே எடுத்துக்கொள்வோம். இயந்திரத்துக்கு ஜி.எஸ்.டி. எண்ணுள்ள விற்பனையாளரிடம் விலைப்புள்ளி வாங்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டாக வாங்கினால் ஒப்பிட்டுப் பேசவும் உதவும். மின் இணைப்புச் செலவு, கொட்டகை, எடைத் தராசு, வடிகட்டி, தகரக் கலன்கள் என்று சிறியதையும் விடாமல் எழுதுங்கள். இதுவரை எல்லோரும் சரியாகவே செய்கிறார்கள். தவறுவது நடைமுறை மூலதனத்தில்.

கடலை அறுவடைக் காலத்தில் விலை இறங்கியிருக்கும். அப்போது வாங்கி வைத்தவர்தான் ஆண்டு முழுவதும் லாபம் பார்ப்பார். அப்படியென்றால் பல மாதச் சரக்குக்கான பணம் மூட்டைகளில் முடங்கிக் கிடக்கும். கடைக்காரர்கள் எண்ணெய்க்கு உடனே பணம் தரமாட்டார்கள். பதினைந்து நாள், ஒரு மாதம் என்று தவணை கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் ஒதுக்கீடு இல்லாமல், கடன் முழுவதையும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, மூன்றாம் மாதம் கடலை வாங்கக் காசில்லாமல் பளபளக்கும் செக்கை மூடி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தொழில் தெரியாமல் இல்லை. அறிக்கையில் அந்த ஒரு வரி இல்லை.

விற்பனைக் கணக்கு நேர்மையாக இருக்கட்டும். நூறு கிலோ நிலக்கடலைப் பருப்பை ஆட்டினால் சுமார் நாற்பது கிலோ எண்ணெய், மீதி பெரும்பாலும் பிண்ணாக்கு. பிண்ணாக்கு விற்பனையை வரவில் சேருங்கள். பலர் மறந்துவிடுகிறார்கள், அதுவே மின்கட்டணத்தையும் கூலியையும் தாங்கும் வரவு. முதலாண்டிலேயே செக்கு முழுத் திறனில் ஓடும் என்று எழுதாதீர்கள். பாதியில் தொடங்கி ஆண்டுக்காண்டு ஏற்றுங்கள். பாதித் திறனில் ஓடும்போதும் மாதத் தவணை கட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் கடன் தொகையைக் குறைக்க வேண்டும், விற்பனையை ஏற்றி எழுதக் கூடாது.

யாரிடம் விற்பீர்கள் என்ற பக்கம் இருக்கிறதே, அதுதான் அறிக்கையின் உயிர். "சந்தையில் நல்ல வரவேற்பு உள்ளது" என்று எழுதுவதில் பயனில்லை. பக்கத்து ஊர் மளிகைக் கடை இரண்டு, ஓர் உணவகம், வாரச் சந்தைக் கடை ஒன்று, அவர்கள் மாதம் எத்தனை லிட்டர் வாங்குவார்கள் என்று நேரில் கேட்டு எழுதி, முடிந்தால் ஒரு வரிக் கடிதமும் வாங்கி இணையுங்கள்.

இதையெல்லாம் தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் சேருங்கள். பயிற்சி, உணவு, தங்குமிடம் எல்லாம் இலவசம். தொழிலோடு கணக்கும் கற்றுத் தருகிறார்கள்.

விண்ணப்பமும் வங்கியும்

மாநிலத் திட்டங்களுக்குத் தமிழக அரசின் சிறுதொழில் துறை இணையத்தளத்திலும், பி.எம்.இ.ஜி.பி.க்குக் காதி ஆணையத்தின் தளத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். எந்த வங்கிக் கிளை என்பதை நீங்கள் தேர்வு செய்யும் இடம் வரும். அந்த ஒரு கட்டத்தை அலட்சியமாக நிரப்பாதீர்கள். விண்ணப்பத்தைப் பதிவேற்றுமுன் அந்தக் கிளைக்குப் போய் மேலாளரைப் பார்த்து, உங்கள் தொழிலைச் சொல்லி, உங்கள் ஊர் அந்தக் கிளையின் சேவைப் பகுதிக்குள் வருகிறதா என்று கேளுங்கள். ஏற்கெனவே உங்கள் கணக்கு ஓடும் கிளையாக இருந்தால் நல்லது.

விண்ணப்பத்துக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. "பத்து சதவீதம் கொடுத்தால் மானியம் முடித்துத் தருகிறேன்" என்று வருகிறவரால் வங்கியின் முடிவை மாற்ற முடியாது. கிடைக்கவிருந்த கடனுக்குத் தரகு வாங்குவதுதான் அவர் வேலை. முன்பணம் கட்டினால் கடன் உறுதி என்று முத்திரை போட்டு வரும் கடிதங்கள் மோசடியானவை. காவல் துறையின் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே சொல்லுங்கள்.

மேலாளர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான், பல வடிவங்களில்: இந்தத் தொழில் உங்களுக்குத் தெரியுமா? சரக்கு எங்கே வாங்குவீர்கள்? விலை ஏறினால் என்ன செய்வீர்கள்? அறிக்கையை நீங்களே எழுதியிருந்தால் பதில் தானாக வரும். வீட்டில் கணக்கு வைத்திருக்கும் மனைவியோ கணவனோ கூட வரட்டும். பல தொழில்களில் உண்மையான மேலாளர் அவர்தான்.

"சொத்து அடமானம் வேண்டும்" என்று சொன்னால் தளர்ந்துவிடாதீர்கள். குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு, 2026 ஏப்ரல் முதல் ஒப்புதலாகும் கடனென்றால் 20 லட்சம் வரை, அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு இட்ட கட்டளை. அதற்கு மேற்பட்ட தொகைக்கும், அடமானத்துக்குப் பதிலாக வங்கிக்கு உத்தரவாதம் தரும் மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதியம் இருக்கிறது. அதன்கீழ் கொண்டுவர முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதத்தோடு மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரைச் சந்திக்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். சண்டையாகப் போகாமல் கோப்போடு போகிறவருக்கு அங்கே கதவு திறக்கிறது.

ஒப்புதல் வந்த பிறகு

ஒப்புதல் கடிதம் வருமுன் இயந்திரத்துக்கு முழுப்பணம் கட்டிவிடாதீர்கள். முன்பே வாங்கியதை வங்கி கணக்கில் எடுக்காது. கடன் தொகை பொதுவாக இயந்திர விற்பனையாளரின் கணக்குக்கே நேராகப் போகும். ரொக்கமாகத் திருப்பித் தருகிறேன் என்று விற்பனையாளர் ஆசை காட்டினால் ஒதுங்குங்கள். அந்த ஆசை நேரடி ஆய்வின்போது மானியத்தையே பறித்துவிடும். தொழில்முனைவோர் பயிற்சி கட்டாயம் என்பதால் அதன் சான்றிதழைச் சீக்கிரம் முடித்து வையுங்கள்.

உற்பத்தி தொடங்கியதும் தனியாகக் கேட்க வேண்டிய இன்னொன்று: குறு உற்பத்தி நிறுவனங்களுக்குத் தாழ்வழுத்த மின்கட்டணத்தில் 20 சதவீத மானியத்தை மாநில அரசு 36 மாதம் தருகிறது. தானாக வராது, விண்ணப்பித்தால்தான் வரும்.

மூன்றாண்டும் தவணை தவறாமல் இருக்க வேண்டும், தொழில் அதே இடத்தில் நடக்க வேண்டும், திட்டத்தின் பெயர்ப் பலகை வாசலில் இருக்க வேண்டும். இடம் மாற்ற நேர்ந்தால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். நன்றாக நடந்தால் அதே பி.எம்.இ.ஜி.பி.யில் விரிவாக்கத்துக்கு இரண்டாம் கடன் ஒரு கோடி வரை, 15 சதவீத மானியத்தோடு உண்டு.

குழுக்களும் அமைப்புகளும்

மகளிர் சுயஉதவிக் குழுக்களின் மூலதனம் அவர்களுடைய பதிவேடுதான். தருமபுரியில் 1989-இல் தொடங்கிய முயற்சியிலிருந்து இன்றுவரை மாறாத விதி அது. வாரந்தோறும் கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு எழுதுதல் ஆகிய ஐந்தையும் ஆறு மாதம் விடாமல் செய்த குழுவுக்கு மகளிர் திட்ட அலுவலகம் வழியாகத் தர மதிப்பீடும், சுழல் நிதியும், பின்னர் வங்கி இணைப்பும் வரும். 20 லட்சம் வரை குழுக்கடனுக்கு அடமானம் இல்லை. உணவுத் தொழில் செய்யும் உறுப்பினர்களுக்கு முன்பு சொன்ன பி.எம்.எஃப்.எம்.இ.யில் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் உண்டு. அது கூட்டமைப்புக்கு மானியமாக வந்து, உறுப்பினருக்குத் திருப்பிக் கட்ட வேண்டிய கடனாகச் சேரும். இதைத் தெளிவாகச் சொல்லாமல் பிரித்துக்கொடுத்த இடங்களில் மனக்கசப்பு வந்திருக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுக் கொடுங்கள்.

ஊருணி தூர்வாரவோ, பூங்கா அமைக்கவோ, பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பவோ ஊர் முன்வந்தால், 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. பொதுவாக மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, மீதி அரசு. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் நகர்ப்புறங்களில் நகராட்சியிலும் கேளுங்கள். மக்கள் பங்கைச் சிறுசிறு தொகையாகப் பலரிடம் திரட்டுவது நல்லது. பணம் போட்டவர் வேலையை வந்து பார்ப்பார்.

அறக்கட்டளையோ சங்கமோ நடத்துகிறவர்கள் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை நாடலாம். 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 5 கோடி லாபமோ 1,000 கோடி விற்றுமுதலோ 500 கோடி நிகர மதிப்போ உள்ள நிறுவனங்களை, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அதைப் பெற உங்களுக்கு வருமான வரித் துறையின் வரிச் சலுகைப் பதிவுகளான 12ஏ, 80ஜி, மூன்றாண்டுப் பணி அனுபவம், நிறுவனப் பதிவாளரிடம் சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவு எண் ஆகியவை வேண்டும். அரசுத் துறை நிதி கேட்பதாக இருந்தால் நிதி ஆயோகின் தர்பண் தளத்தில் பதிவும் வேண்டும். வெளிநாட்டுப் பணம் வேறு கதை. தனிப் பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. உறவினர் அனுப்பும் நன்கொடையானாலும் அனுப்பியவர் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால் இந்த விதி பொருந்தும்.

நிறுவனத்தைத் தேடும்போது தூரத்துப் பெருநகரத்தைப் பார்க்காதீர்கள். தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரும்படி அந்தச் சட்டமே சொல்கிறது. உங்கள் ஊர்ச் சாலையில் தினமும் லாரி போகும் ஆலை, பக்கத்துத் தொழிற்பேட்டையில் உள்ள நிறுவனம் ஆகியவற்றில் தொடங்குங்கள். கோரிக்கை இரண்டு பக்கம் போதும்: என்ன குறை, எத்தனை பேருக்கு, என்ன செய்வீர்கள், எவ்வளவு செலவு, முடிந்த பிறகு யார் பராமரிப்பார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதாத கோரிக்கைகள்தான் அதிகம் திரும்பி வருகின்றன. கடந்த மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கையை மேலே வைத்து, அதன்கீழ் இந்த இரண்டு பக்கத்தையும் இணைத்து, ஆலையின் மனிதவள அலுவலரிடம் நேரில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.